சாவிக்காரம்மாவின் மாத்திரை

பூட்டைத் திறந்து தரச் சொல்லி யார் வந்து நின்றாலும் என் அக்கா முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "உள்ள என்ன இருக்கு?"

வந்தவர் கொட்டும் மழையில் நனைந்துகொண்டு நிற்கலாம். இடுப்பில் குழந்தை வீறிட்டு அழலாம். உள்ளே அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கலாம். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொருட்களில் மூன்றையாவது சொல்ல வேண்டும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய பொருளாக இருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் பையைத் திறந்து கம்பியை எடுப்பாள். கதவு திறந்ததும் சொந்தக்காரருக்கு முன்னால் அவள்தான் உள்ளே போவாள். சொன்னது சொன்ன இடத்தில் இருந்தால் ஒதுங்கி வழி விடுவாள். இல்லையென்றால் மறுபடியும் பூட்டிவிட்டு, "போலீசோட வாங்க" என்று நடையைக் கட்டிவிடுவாள். ஒருமுறை ஒரு மனிதர் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் வட்டமா சதுரமா என்று சொல்லத் தெரியாமல் விழித்து, மனைவி வேலை முடிந்து வரும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கதை ஒன்றைத்தான் அக்கா வாய்விட்டுச் சிரித்துச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

மற்றபடி அவள் கல்லுளிமங்கி. பேருந்து நிலையத்தின் பக்கச் சுவரை ஒட்டி, ஒரு ஆள் உட்காரவும் சாவி வெட்டும் இயந்திரம் ஒன்று நிற்கவும் மட்டுமே இடமுள்ள கடை அவளுடையது. அதற்கு முன்னால் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில், பூட்டுக்குள் ஸ்பிரிங் வைக்கும் வேலையில் இருந்தாள். நகக்கண்ணில் எப்போதும் பித்தளைத் தூள். கல்யாணம் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னாள், காரணம் சொல்லவில்லை, யாரும் மறுபடி கேட்கத் துணியவும் இல்லை. ஊருக்கு அவள் சாவிக்காரம்மா. ஊரில் பாதிப் பேர் வீட்டுச் சாவியை அவள் கை வெட்டியிருக்கிறது. என் வீட்டுச் சாவியும் ஒன்று அவளிடம் உண்டு. அவள் வீட்டுச் சாவி மட்டும் யாரிடமும் கிடையாது, என்னிடம்கூட.

யாரையும் நல்லபடி ஒரு வார்த்தை சொன்னதில்லை, கெட்டபடியும் சொன்னதில்லை. என் புருஷன் என்னை விட்டுப் போன அன்று வந்தாள், வாசல் பூட்டைக் கழற்றிப் புதுப் பூட்டை மாட்டினாள், பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஆறுதலாக ஒரு சொல் இல்லை. நான் அதையே ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அறுபதை நெருங்கும்போது அவளுக்குத் தலைவலி வந்தது. சீப்பு பட்டாலே நெற்றிப்பொட்டு வலிக்கிறது என்றாள். மென்று சாப்பிட்டால் தாடை கடுத்தது. அண்ணி தைலம் கொடுத்தாள். அண்ணன், "வெயில்ல உக்காராத" என்றான். (எங்கள் மூவரில் அக்கா மூத்தவள், அடுத்து அண்ணன், கடைசி நான்.) ஒரு காலை, கடையில் உட்கார்ந்திருந்தவள், ஷட்டர் பாதி இறங்கிவிட்டது என்று எழுந்து தூக்கப் போயிருக்கிறாள். ஷட்டர் மேலேயேதான் இருந்தது. இறங்கியது அவளுடைய வலது கண்.

கண் டாக்டர் பெரிய மனிதர். நம்மைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தே பேசும் வகை. நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருப்பவள், இவர்களை எனக்குத் தெரியும். நெற்றிப்பொட்டு ரத்தக் குழாய் வீங்கிக் கண்ணுக்குப் போகிற ரத்தத்தை அடைத்துவிட்டது என்றார். "வலது கண் போனது போனதுதான். இடது கண்ணைக் காப்பாத்தணும்னா ஸ்டீராய்டு இன்னிக்கே ஆரம்பிக்கணும். நீங்களா நிறுத்தினா அந்தக் கண்ணும் போயிடும்." சர்க்கரை ஏறும், முகம் உப்பும், பசிக்கும், தூக்கம் குறையும் என்று கடகடவென்று ஒப்பித்தார். தூக்கம் குறையும் என்ற அந்த இரண்டு வார்த்தைக்குள் பின்னால் நடந்த எல்லாமே அடங்கிவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். வேறெதுவும் சொல்லவில்லை.

காலையில் சாப்பிட்டதும் ஒரு கைப்பிடி வெள்ளை மாத்திரை. தனியாக இருக்க வேண்டாம் என்று அண்ணன் வீட்டில் தங்கவைத்தோம். தலைவலி உடனே ஓடிப்போனது. அக்கா சிரித்தாள். சமையலறை அலமாரிகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். அண்ணியோடு உட்கார்ந்து கதை பேசினாள். "உங்க அக்காவுக்கு இவ்ளோ பேசத் தெரியுமா!" என்று அண்ணி போனில் சொல்லிப் பூரித்துப் போனாள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொன்னால் பொய்.

பேச்சு நிற்கவே இல்லை. படுக்கைக்குப் போனாலும் தூங்குவதில்லை. முகம் உப்பி, கன்னம் சிவந்து, ஒற்றைக் கண் மட்டும் பளபளவென்று அலைந்தது. இந்த ஊரில் தான் போட்டுக்கொடுத்த பூட்டு ஒவ்வொன்றையும் யாரோ ஒருவன் கள்ளச் சாவி போட்டுத் திறக்கிறான் என்றாள். அடுத்த வாரம் அந்த யாரோ ஒருவன் நான் ஆகிவிட்டேன்.

"என் வீட்டுச் சாவிய எங்கடி வெட்டினே?"

"உன் வீட்டுச் சாவிய நான் கண்ணால பார்த்ததே இல்லக்கா."

"மெழுகுல அச்சு எடுத்திருக்கே. உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

அதோடு விட்டாளா? அண்ணன், அண்ணி, பால் கொண்டு வந்தவர் எல்லாரும் நிற்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உன் புருஷன் ஓடிப் போனதுல என்ன அதிசயம்? உன்கூட ஒரே கூரைக்குக் கீழ இருந்தா யாருக்கும் மூச்சு முட்டும். நானா இருந்தா அதுக்கு முந்தின வருஷமே ஓடியிருப்பேன். அன்னிக்குப் பூட்ட மாத்தும்போதே நெனச்சேன், இந்தாளு இனிமே திரும்பி வர மாட்டான், இது தண்டப் பூட்டுன்னு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை மறைக்கவா அதிர்ச்சியை மறைக்கவா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். "மனசுல இருக்கிறதுதானே வெளிய வரும்" என்று அண்ணன் முனகினான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனை நான் அன்றே கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும். அக்காமேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த இரண்டு நாளுக்குள்தான் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரின் வீட்டு விவகாரம். அவர் மதியம் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியபோது கதவு ஆவென்று திறந்து கிடந்திருக்கிறது. ஹாலின் நடுவே, செய்தித்தாளை விரித்து, அவர் வீட்டு வாசல் பூட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஊசியளவு பாகங்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கத்துவதற்குள் இவள் கத்தினாள்: "இந்தப் பூட்ட நம்பியா வெளிய போனீங்க? வெக்கமா இல்ல?"

எப்படி உள்ளே போனாள் என்பதைப் பின்னால் அவளே சொன்னாள். வாசலில் நின்று, தன்னையே கேட்டுக்கொண்டாளாம், உள்ள என்ன இருக்கு என்று. நீலத் திரைச்சீலை, கண்ணாடி மேசை, மூலையில் மீன் தொட்டி என்று தானே பதில் சொன்னாளாம். முன்னொரு நாள் பூட்டு மாட்டப் போனபோது பார்த்ததுதான். திறந்து பார்த்தால் மூன்றும் சொன்ன இடத்தில். பதில் சரியாக இருந்ததால் உள்ளே போய்விட்டாள். இத்தனை வருடம் ஊரையே வாசலில் நிறுத்திவைத்த கேள்வி அவளை மட்டும் உள்ளே விட்டுவிட்டது.

போலீசுக்குப் போகாமல் இருக்க ஏஜென்ட் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "அந்தம்மாவ வீட்ட விட்டு வெளிய விடாதீங்க." அண்ணன் தலையாட்டிவிட்டு வந்து, அவளுடைய கருவிப் பையை எடுத்து ஒளித்துவைத்து, அவளை அறைக்குள் விட்டு வெளியே பூட்டினான். பூட்டுக்காரியைப் பூட்டி வைத்த புத்திசாலி! அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் கரண்டிக் காம்பால் பூட்டை நெம்பித் திறந்து, சமையலறையில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு ஞானம் பிறந்தது. மாத்திரை தொடங்கிய பிறகுதானே இப்படி? அப்படியானால் மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும். பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டவனிடம் எதையும் விளக்க முடியாது. மாத்திரை டப்பாவையும் டாக்டர் சீட்டையும் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவளுக்குள் மாத்திரை என்பது நான் கலந்து கொடுக்கும் விஷமாக மாறியிருந்தது.

மூன்றாம் நாள் கோபம் ஆறாமலேயே போனேன். காலை வெயில் அறை முழுக்க விழுந்திருந்தது. அக்கா என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? இந்தப் பக்கம் கறுப்புத் திரை தொங்கவிட்டது நீதானே? கொஞ்ச நேரம் வருது, கொஞ்ச நேரம் போகுது. எடுத்துத் தொலை" என்று இடது கண்ணின் ஓரத்தைக் காட்டினாள்.

நான் அண்ணியிடம் திரும்பினேன். "அண்ணி, மாத்திரை குடுத்தீங்களா இல்லையா?"

"உங்க அண்ணன் நிறுத்தச் சொல்லிட்டாரே. நேத்தும் குடுக்கல, இன்னிக்கும் குடுக்கல. கொஞ்சம் அடங்கித்தானே இருக்காங்க?"

"கண்ணு போயிடும்னு டாக்டர் சொன்னது உங்க காதுல விழலையா?"

"என்கிட்ட எதுக்குக் கத்துறே? பீரோ சாவி என்கிட்ட இல்ல."

டாக்டருக்குப் போன் செய்தேன். அந்தப் பெரிய மனிதர் முதல்முறையாக நிதானம் இழந்தார். "இன்னிக்குப் போட வேண்டியத உடனே குடுங்க. குடுத்துட்டு நேரா இங்க கூட்டிட்டு வாங்க. தாமதம் பண்ணாதீங்க." அண்ணனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மருத்துவமனை என்று நான் சொன்னதுமே அக்கா கட்டில் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மருந்துக் கடைக்கு ஓடலாம் என்றால் சீட்டும் பீரோவுக்குள். எப்படியோ வாங்கி வந்தாலும் விழுங்க வேண்டியது அவள் வாய் அல்லவா?

அந்த வீட்டில் அந்தப் பீரோவைத் திறக்கக்கூடியவள் ஒருத்திதான். அவளும் உள்ளே இருப்பது விஷம் என்று நம்புகிறவள்.

போய் அவள் முன்னால் நின்றேன். "அக்கா, ஒரு பூட்டுத் திறக்கணும்."

கட்டில் காலை விட்டாள். பழக்கம் அப்படி. "எந்தப் பூட்டு?"

"இந்த பீரோ."

"உள்ள என்ன இருக்கு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. நகை, துணி, பட்டுப்புடவை. ஆனால் திறந்ததும் முதலில் பார்ப்பது அவள்தான். சொன்னது இல்லையென்றால் மறுபடி பூட்டிவிடுவாள், அதற்குப் பிறகு என்னை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டாள். அப்போதும் நம்பிக்கொண்டிருக்கவில்லைதான். இருந்தாலும், அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபடி, உள்ளதைச் சொன்னேன்.

"மேல்தட்டுல ஒரு வெள்ளை டப்பா. டாக்டர் சீட்டு ஒண்ணு, நாலா மடிச்சது. டப்பா மேல உன் பேர் ஒட்டியிருக்கு."

"விஷம்."

"சரி, விஷம்."

"நீ கலந்தது."

"சரிக்கா, நான்தான் கலந்தேன். பேர் யார் பேர்?"

அவள் கை மறுபடி கட்டில் காலைத் தேடிப் போனது.

"கேக்குறேன்ல? டப்பா மேல யார் பேர் எழுதியிருக்கு? யாரோட பொருள் அது?"

"என்னோடது" என்றாள், வேண்டாவெறுப்பாக.

"உன் பொருள எடுத்து, உன்னக் கேக்காம, உன் தம்பி அவன் பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கான். சாவிய சட்டைப் பையில போட்டுட்டுப் போயிட்டான். நீ வாயே திறக்காம தரையில உக்காந்திருக்கே."

அவள் முகம் மாறியதை நான் மறக்கவே மாட்டேன். அதுவரை என் ஒருத்தி மேல் கொட்டிக்கொண்டிருந்த வெறுப்பு முழுவதும் அப்படியே திரும்பி, அங்கே இல்லாத அண்ணன் மேல் போய் விழுந்தது. "அடுத்தவ பொருளப் பூட்டி வைக்கிறானா? அவனா?" என்று எழுந்தாள். "திருட்டுப் பய!" நேராக அண்ணியிடம் போய், கேட்காமல் அவள் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். அண்ணி அலறினாள். அக்கா ஊசியைப் பல்லால் கடித்து வளைத்து, பீரோ முன்னால் மண்டியிட்டாள். எனக்குப் பார்வை இருந்தும் தெரியாத ஒன்றை அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினாள். கதவு திறந்துகொண்டது.

வழக்கம்போல் முதலில் அவளே பார்த்தாள். "வெள்ளை டப்பா. சீட்டு, நாலா மடிச்சது." டப்பாவைத் திருப்பித் தன் பெயரை, கண்ணுக்கு அருகே கொண்டுபோய் எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து முறைத்தாள். "நீ குடுத்து நான் சாப்பிடல, தெரிஞ்சுக்கோ. என் பொருள், நான் சாப்பிடுவேன். அவன் யாரு பூட்டுறதுக்கு?" ஒரு கைப்பிடியை வாயில் போட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். அந்த மாத்திரை உள்ளே போனது வீம்பில்தான். போனால் சரி என்று நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

மருத்துவமனைக்கும் அதே வேகத்தில் கிளம்பினாள். டாக்டரிடம் தம்பியைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமாம். வண்டி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை, நடுநடுவே நானும் சேர்ந்துகொண்டேன்.

அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். மனநல டாக்டர் ஒருவர் வந்து, அக்காவை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசி, மனம் அடங்க வேறொரு மாத்திரை சேர்த்தார். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கண்ணைக் கவனித்துக்கொண்டே படிப்படியாகத்தான் குறைக்க முடியும் என்றார். கண் டாக்டர், "சிலருக்கு இப்படி ஆகும்மா. எதிர்பார்க்கிறதுதான்" என்றார்.

"எதிர்பார்த்தீங்களா? எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா பயந்துட்டு மாத்திரையே போட மாட்டாங்க."

"சொல்லாததனாலதான் நிறுத்தினாங்க! பைத்தியம்னு நெனச்சு ரூமுக்குள்ள பூட்டினாங்க! அவ யார் வீட்டுக்குள்ள போனான்னு உங்களுக்குத் தெரியுமா?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் கணினியைப் பார்த்தார்.

இடது கண் தப்பியது. மாத்திரை குறையக் குறைய அக்காவின் பேச்சும் குறைந்தது. முதலில் கள்ளச் சாவி போனது, பிறகு விஷம் போனது, கடைசியில் அவளுடைய பழைய மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது. மறந்திருப்பாள் என்று நாங்கள் நினைத்தோம். ஒன்றுகூட மறக்கவில்லை. ஏஜென்ட் வீட்டு வாசலுக்குத் தானே போய், உள்ளே கால் வைக்காமல் நின்று மன்னிப்புக் கேட்டாள். அவர் வேறு ஆளை வைத்துப் பூட்டை மாற்றியிருந்தார். பாதிக் கதவைத் திறந்து, "பரவாயில்லம்மா" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார்.

கடையைத் திறந்தாள். சாவி வெட்டுகிறாள், பழைய பூட்டைச் சரிசெய்கிறாள். வீட்டுக் கதவைத் திறக்கக் கூப்பிட்டால் மட்டும் போவதில்லை. ஊர் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது, அது வேறு விஷயம். ஏன் போவதில்லை என்று கேட்டேன். "கேள்விய நானே கேட்டு நானே பதிலும் சொல்லிட்டேன்டி. இனிமே அந்தக் கேள்விய நான் யாரக் கேக்குறது?" என்றாள்.

அண்ணன் இப்போது எல்லாரிடமும், "நாங்கதான் பார்த்துக்கிட்டோம், பாவம், மாத்திரை பேசின பேச்சு" என்று சொல்லித் திரிகிறான். மனசுல இருக்கிறதுதான் வெளிய வரும் என்று முனகிய அதே வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்ததை நேருக்கு நேர் கேட்டேன். "என் புருஷனப் பத்தி அன்னிக்குச் சொன்னியே, அது மாத்திரையா?"

டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். பொய் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது, அன்றைக்காவது வந்திருக்கலாம்.

"வேகம் மாத்திரையோடது."

"பேச்சு?"

"பேச்சு என்னோடது. ரொம்ப நாளா இருந்துச்சு. நல்லா இருந்திருந்தா சாகுறவரைக்கும் வெளிய விட்டிருக்க மாட்டேன்."

டீயை அவள் முகத்தில் ஊற்றலாம் போல இருந்தது. மாத்திரை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்? ஊரே அதைத்தான் சொல்கிறது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

பின்னால் மேசைமேல் ஏதோ வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஒரு சாவி. புதிதாக வெட்டியது, ஓரத்தில் பித்தளை இன்னும் மினுமினுத்தது.

"என் வீட்டோடது. இன்னும் கொஞ்ச நாள் அந்த மாத்திரை போடணுமாம். நோய் திரும்பினா அளவக் கூட்டுவாங்களாம். திரும்ப அப்படி ஆச்சுன்னா, தட்டாத. உள்ள என்ன இருக்குன்னு நான் கேட்டா பதில் சொல்லாத. திறந்துட்டு வா. திட்டுவேன். கேவலமாத் திட்டுவேன். போயிடாத."

சாவியை எடுத்து என் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன்.

"வருவேன். ஆனா புருஷன் விஷயத்த நான் மன்னிக்கல" என்றேன்.

"சரி" என்றாள். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.